ஒன்று முடிந்து ஒன்று

பிரான்சின் லியோன் நகரத்தில் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவது என்பது ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடிகிற காரியம். எட்டு என்று சொன்னால் எட்டேகாலுக்குப் போவதுதான் மரியாதை. சரியான நேரத்துக்குப் போய் நின்றால் வீட்டுக்காரர் இன்னும் அடுப்படியிலேயே இருப்பார். இந்த மாதிரி விஷயங்களை அலுவலகத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். மேசையில் என்ன நடக்கும் என்பதை மட்டும் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். எங்களுக்கு அது மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் வீட்டில் நடந்தது.

டாஸ்மாக் வாசலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குடி என்றாலே ஒளிந்து செய்கிற காரியம். இங்கே பாட்டியும் பேரனும் இருக்கிற மேசையின் நடுவில் ஒயின் பாட்டில் நிற்கிறது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. பக்கத்திலேயே தண்ணீருக்குத் தனிக் கிளாஸ். என் மனைவி குடிப்பதில்லை. "வேண்டாம்" என்றாள், சரி என்று விட்டுவிட்டார்கள். ஏன், எதற்கு என்று யாரும் குடையவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

ஒயின் தேர்வு பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அது வெறும் பூகோளம்தான். சாப்பாடு எந்தப் பக்கமோ, ஒயினும் அந்தப் பக்கம். லோவார் நதி கடலில் சேரும் இடத்தில் மஸ்காடே என்ற வெள்ளை ஒயின் விளைகிறது, அதைச் சிப்பியோடு குடிக்கிறார்கள். அதே நதியில் மேலே போனால் சான்செர் ஒயின், அதற்குத் துணை அங்கேயே இருக்கும் ஷவிஞோல் கிராமத்து ஆட்டுப்பால் சீஸ். பாட்டில் லேபிளிலும் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் பெரிதாக இருக்கும். திராட்சை ரகத்தின் பெயரை முன்னால் போடும் வழக்கம் அல்சாஸ் பக்கம் உண்டு. புதிதாக வந்தவன் சூப்பர்மார்க்கெட் அலமாரி முன்னால் திருதிருவென்று விழிப்பதற்கு இதுதான் காரணம்.

அன்றைக்கு முதலில் கிர் வந்தது. புர்கோஞ் பகுதியின் வெள்ளை ஒயினில் கசிஸ் என்ற சிறு கறுப்புப் பழத்தின் இனிப்பு மதுவைக் கலந்தது. திஜோன் நகர மேயராக 1945 முதல் 1968 வரை இருந்த பாதிரியார் கிர் பெயரில் வழங்குகிறது. குடிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதோடு வைத்த ஆலிவ்தான் எனக்குப் பிடித்தது. அப்புறம் ஆற்று மீனை அரைத்து, மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துச் செய்த கெனேல். அதற்கு மாகோன் பக்கத்து வெள்ளை ஒயின்.

முக்கியமான ஐட்டம் கோக் ஓ வேன், அதாவது ஒயினில் வெந்த சேவல். முற்றிய சேவல் கறி லேசில் வேகாது என்பது நம் ஊரில் நாட்டுச்சேவல் அடித்தவர்களுக்குத் தெரியும். இங்கே அதை முதல் நாளே சிவப்பு ஒயினில் ஊறவைத்து, மறுநாள் சிறுதீயில் மணிக்கணக்காக வேகவிடுகிறார்கள். சட்டியில் ஊற்றியதும் மோர்கோன், கிளாஸில் ஊற்றியதும் மோர்கோன். லியோனுக்கு வடக்கே உள்ள போஜோலே மலைச்சரிவில் காமே திராட்சையில் செய்வது அது. இந்தக் காமேயை 1395-இல் புர்கோஞ் பிரபு பிலிப் மட்டரகச் செடி என்று தன் நிலத்திலிருந்து விரட்டச் சொல்லி ஆணையிட்டார். தெற்கே கிரானைட் மண்ணில் அது பிழைத்துக்கொண்டது. துவர்ப்பு அதிகம் இல்லாத ஒயின், கொஞ்சம் குளிர்ச்சியாகவே தருகிறார்கள். லியோனில் ரோன், சோன், போஜோலே என்று மூன்று நதிகள் ஓடுகின்றன என்பது இந்த ஊர்க்காரர்களின் பழைய கிண்டல்.

இனிப்புக்கு முன்னால் சீஸ். மரப்பலகையில் கொம்தே என்ற சீஸை நீளவாக்கில் சீவி வைத்துவிட்டு, குட்டையும் பருமனுமாக ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார் ஆசிரியர். ஜுரா மலைப்பகுதியின் வேன் ஜோன், மஞ்சள் ஒயின். அறுவடை முடிந்து குறைந்தது 6 வருடம் கழித்துத்தான் பாட்டிலுக்கு வரும். அதுவரை பீப்பாயில் குறைகிற அளவை மறுபடி ஊற்றி நிரப்புவதில்லை. மேலே ஈஸ்ட் ஆடை படர்ந்து ஒயினைக் காக்கிறது. பாட்டில் 62 சென்டிலிட்டர்தான். ஒரு லிட்டரில் ஆவியானது போக மிஞ்சுவது இவ்வளவுதான் என்று விளக்கம் சொன்னார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். வறுத்த வெந்தயம்! பிரமை இல்லை. வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தரும் சொடோலோன் என்ற சேர்மம் இந்த ஒயினிலும் இருக்கிறது. மேசையில் இருந்தவர்கள் வால்நட் மணம் என்றார்கள். எனக்கு எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிதான் மணத்தது.

பிரெஞ்சு விருந்து 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது, உணவுக்கேற்ற ஒயினைப் பொருத்துவதும் அதன் ஓர் அங்கமாகச் சொல்லப்பட்டது. ஒரு தட்டை எடுத்த பிறகே அடுத்த தட்டு வருவதால்தான் அந்தப் பொருத்தம் சாத்தியம் என்பது என் கணிப்பு. நம் இலையில் சாம்பாரும் பொரியலும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வாய் புளிப்பு, அடுத்த வாய் காரம். எந்த ஒயின் இதற்கு ஈடுகொடுக்கும்?

அவர்களை நாங்கள் அழைத்தபோது அதனால் இலையைக் கூறுபோட்டோம். முதலில் சூடான உளுந்துவடை, கூடவே நுரை பொங்கும் கிரெமான் ஒயின். எண்ணெய்ப் பிசுக்கை நுரை சுத்தமாகத் துடைத்துவிட்டது. ரசத்தைச் சின்னக் கோப்பையில் தனியாகக் கொடுத்தோம், ஒயின் இல்லாமல். மிளகுக் கறிக்கு அவர்கள் கொண்டுவந்த போர்தோ சிவப்பைத் திறக்கவில்லை. வந்த விருந்தாளியின் பாட்டிலை அன்றே திறக்க வேண்டும் என்று இங்கே கட்டாயம் இல்லை, மெனுவுக்கு ஏற்கெனவே ஒயின் முடிவாகியிருக்கும். துவர்ப்பும் ஆல்கஹாலும் ஏற ஏறக் காரம் இன்னும் எரியும் என்பதால் லேசாக இனிக்கும் அல்சாஸ் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை வைத்தோம். கெவுர்ஸ்ட்ராமினர் என்ற இன்னொரு வெள்ளை ஒயின்தான் இந்தியச் சாப்பாட்டுக்கு என்று கடைக்கு கடை சொல்கிறார்கள். ரோஜா வாசனையும் கறிவேப்பிலையும் எனக்கு ஒத்துவரவில்லை.

பாயசத்தின்போது ஆசிரியரிடம் வெந்தய விஷயத்தைச் சொல்லி, டப்பாவைத் திறந்து முகரக் கொடுத்தேன். ரொம்ப நேரம் முகர்ந்தார். அடுத்த தடவை வெந்தயம் தூக்கலாக, மிளகாயைப் பாதியாகக் குறைத்து மீன்குழம்பு வைப்பது, மஞ்சள் ஒயின் அவர் செலவு என்று முடிவானது. புளியையும் பாதியாக்கு என்கிறாள் மனைவி. அதற்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.