வயிற்றுக்கு எந்த டாக்டர்? சில நாட்களின் குறிப்புகள்

மார்ச் 3
வயிறு, குடல், கல்லீரல் பார்க்கும் கேஸ்ட்ரோ டாக்டர்கள் எல்லாருக்கும் எல்லாவற்றிலும் ஒரே அளவு கைப்பழக்கம் இருக்காது. ஈரல் சுருக்கம் என்றால் கல்லீரலில் தனிப்பயிற்சி பெற்றவரிடம் போகவேண்டும். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தால் வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கும் ஈஆர்சிபி சிகிச்சையை அடிக்கடி செய்கிறவரைத் தேட வேண்டும். கணையம் வீங்கிவிடும் அபாயமுள்ள சிகிச்சை அது. எப்போதோ ஒருமுறை செய்கிற கை வேண்டாம். குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோய்க்கு வருடக்கணக்கில் கூடவே இருந்து மருந்தை மாற்றிக் கவனிப்பவர் தேவை. சாதாரண நெஞ்செரிச்சலுக்கு இவ்வளவு அலசல் வேண்டாம், குடும்ப டாக்டரே போதும்.

மார்ச் 5
பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முன் டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டியது: "உங்கள் அடினோமா கண்டுபிடிப்பு விகிதம் எவ்வளவு?" பின்னாளில் புற்றாக மாறக்கூடிய கட்டியை நூற்றில் எத்தனை பேரிடம் கண்டுபிடிக்கிறார் என்பதே அந்தக் கணக்கு. அமெரிக்கச் சங்கங்கள் 2015இல் 25 சதவீதம் என்று வைத்திருந்த அளவுகோலை 2024இல், 45 வயது நிறைந்தவர்களுக்கு, 35 ஆக உயர்த்தின. எண் தெரியாது என்று சொல்பவரைவிடக் கேள்விக்கே கோபப்படுபவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

கட்டியை முக்கியமாகத் தேடுவது குழாயை உள்ளே செலுத்தும்போது அல்ல, வெளியே இழுத்து வரும்போது. குடல் மடிப்பின் முதுகுப்புறத்தில் தட்டையான பாலிப் (சிறு சதைக் கட்டி) ஒளிந்திருக்கும். முனையை வளைத்து ஒவ்வொரு மடிப்பையும் விலக்கிப் பார்த்து, தேங்கிய நீரை உறிஞ்சி, ஒட்டிய சளியைக் கழுவி வரவேண்டும். எதுவும் வெட்டாத பரிசோதனையில்கூட இதற்குச் சராசரி 8 நிமிடமாவது ஆக வேண்டும். அவசரப்பட்டால் தவறுவது இங்கேதான்.

மார்ச் 6
நல்ல டாக்டரும் அழுக்குக் குடலில் ஒன்றும் பார்க்க முடியாது. பேதி மருந்து முழுவதையும் முதல்நாள் இரவே குடித்துவிட்டால், விடியும்முன் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தமும் சளியும் வலப்பக்கப் பெருங்குடலில் படிந்துவிடும். அதனால் பாதி முதல்நாள் மாலை. மீதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன் தொடங்கி, 2 மணி நேரம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கடைசியாகப் போவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் நாமாக நிறுத்தக்கூடாது. இவற்றை எழுதிக் கொடுக்காத இடத்தில் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 9
வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச் பைலோரி கிருமிக்கான சோதனை. பான்டோபிரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மூச்சுச் சோதனைக்கோ மலச் சோதனைக்கோ போனால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். மாத்திரை அதன் எண்ணிக்கையை அமுக்கிவிடுகிறது. அந்த மாத்திரைக்கு 2 வாரம், ஆன்டிபயாடிக்குக்கு 4 வாரம் இடைவெளி தேவை. சிகிச்சை முடிந்து 4 வாரத்துக்குப் பின் மறுசோதனை எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். பலரும் விட்டுவிடும் படி அது.

மார்ச் 11
விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, சோகை: இவற்றுக்கு மாதக்கணக்கில் வெறும் அமிலக் குறைப்பு மாத்திரை மட்டுமே தருபவரை விட்டு நகருங்கள். தார் போன்ற கறுப்பு மலமோ ரத்த வாந்தியோ வந்தால் டாக்டரைத் தேர்ந்தெடுக்க நேரமில்லை, அன்றே அவசரப் பிரிவு.