தளமும் குழாயும் முதலில், சூரியத் தகடு பிறகு

தண்ணீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகச் செலவிடும் வீட்டைக் கட்டுவதற்கு எவ்வளவு கூடுதலாக ஆகும் என்று கேட்பவர்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றைத் தொகையையே எதிர்பார்க்கிறார்கள். ஒப்பந்தக்காரர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் அந்தத் தொகைக்குள், கட்டும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகளும், குடிபோன பிறகு எந்த ஆண்டிலும் வாங்கி மாட்டக்கூடிய சாதனங்களும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு விளங்கும். தாம்பரத்துக்குத் தெற்கே, மேற்குப் பார்த்த முக்கால் கிரவுண்டு மனையில், ஆயிரம் சதுர அடித் தளத்தோடு நாங்கள் கட்டிய வீட்டை வைத்து அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடனைச் சொல்லிவிட வேண்டும். எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை என்றால், வீட்டுக் கடனில் சேரும் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் ஏறத்தாழ 870 ரூபாய் கட்டவேண்டும். முடியும்போது அந்த ஒரு லட்சத்துக்காக இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டியிருப்போம். எனவே ஒரு சாதனம் மாதம் ஐந்நூறு ரூபாய் மிச்சப்படுத்துகிறது என்றால், கடன் வாங்கிக் கட்டுபவருக்கு அதன் மதிப்பு அறுபதாயிரத்துக்கும் குறைவு. விற்பனையாளர்கள் காட்டும் "இத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்" என்ற கணக்கில் இந்த வட்டி பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒற்றை மாடி வீட்டில் வெப்பம் முதன்மையாக இறங்குவது மேல்தளத்தின் வழியாகத்தான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, அதன்மேல் தட்டையான ஓடு பதிக்கும் பழைய முறையே இதற்கு ஓரளவு தீர்வுதான். ஆனால் சிவப்பு ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும். அந்த ஜல்லிக் கலவையை அப்படியே போட்டு, ஓட்டுக்குப் பதிலாக வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்க எங்களுக்குக் கூடுதலாக ஆனது இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள். பாதித் தளத்துக்கு மட்டும் டைல்ஸ் பதிந்திருந்த ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் மாடிக்குப் போனபோது, டைல்ஸ் மேல் வெறுங்காலுடன் நிற்க முடிந்தது. பதிக்காத பக்கத்தில் இரண்டு எட்டுக்கு மேல் வைக்க முடியவில்லை. அவ்வளவு செலவழிக்க இயலாதவர்கள் ஒவ்வொரு மாசியிலும் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். சில ஆயிரங்களில் முடியும். ஆனால் மழையில் கரையும், தூசி படிந்தால் பலன் குறையும், ஆண்டுதோறும் அடித்தாக வேண்டும்.

சூரியன் விஷயத்தில் சென்னை வட்டாரத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி கடக்கும்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். தெற்குச் சன்னலுக்கு மட்டும் சன்ஷேடு போட்டால் போதும் என்ற அறிவுரை இங்கே அரைகுறையானது. வடக்குச் சுவருக்கும் வேண்டும். மேற்கில் நிலைமை இன்னும் கடினம். மாலை நான்கு மணிக்குச் சாய்ந்து வரும் வெயிலை எந்தச் சன்ஷேடும் தடுக்காது. அதனால் மாடிப்படியையும் குளியலறையையும் மேற்கே தள்ளி, படுக்கையறைகளைக் கிழக்கே கொண்டுபோனோம். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. வரைபடத்தில் பென்சிலால் மாற்றக்கூடிய ஒன்று, அஸ்திவாரம் எழுந்த பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் மாற்றமுடியாததாகிவிடுகிறது என்பதால், வரைபடக்காரரிடம் செலவழிக்கும் நேரமே மிக மலிவான முதலீடு என்று எனக்குத் தோன்றுகிறது.

சன்னல்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் வட்டாரத்தில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் திறக்கக்கூடிய சன்னல் வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. இப்போது எல்லா வீட்டிலும் வைக்கும் இரண்டு கதவு ஸ்லைடிங் சன்னலில், எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கதவுபோல் வெளியே திறக்கும் சன்னல் என்றால் முழு அகலத்துக்கும் காற்று வரும். கொசுவலை பொருத்துவது சற்றுத் தொல்லை, விலையில் வேறுபாடு சிறியது. சுவருக்கு ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல், வைத்தோம். செங்கல்லைவிட எடை குறைவு, வெப்பத்தைக் கடத்துவதும் குறைவு. ஆனால் இணைப்புகளில் கீறல் விடாமல் இருக்க அதற்கே உரிய கலவையையும் வலையையும் பயன்படுத்த வேண்டும், கனமான அலமாரியை ஆணியடித்து மாட்ட முடியாது. நல்ல செங்கல் கிடைக்கிற ஊரில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டுமுறை இதைவிடச் சிறந்தது. செங்கற்களை நெட்டாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால், கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், அந்த வெற்றிடமே வெப்பத்தைத் தடுக்கும். அதைப் பிசகாமல் கட்டத் தெரிந்த கொத்தனார் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கட்டும்போதே செலவாகும் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர விதி. தாண்டினால் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே கலவைக்கும், கான்கிரீட் இறுகும்வரை அதை நனைத்து வைப்பதற்கும் லாரித் தண்ணீர்தான். தளத்தின்மேல் மேஸ்திரி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். தூண்களுக்குக் கோணிச் சாக்கைச் சுற்றி நனைத்தார். குழாயைப் பிடித்துப் பீய்ச்சியடிப்பதைவிட இதில் நீரும் குறைவு, கான்கிரீட்டும் காயாமல் இருக்கும்.

குடிநீர், புழக்கநீர் என்று வரும்போது, ரூபாய்க் கணக்கு நம்மை ஏமாற்றும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் நாளுக்கு ஐந்து முறை கழிப்பறையைப் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், பழைய பத்து லிட்டர்த் தொட்டிக்கு 200 லிட்டர் வேண்டும். ஆறு லிட்டர், மூன்று லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள தொட்டியில், ஒருவர் பெரிய பொத்தானை ஒரு முறையும் சிறியதை நான்கு முறையும் அழுத்தினால், 72 லிட்டரில் முடியும். ஆண்டுக்கு மிச்சமாவது 46,000 லிட்டருக்கு மேல், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஏறத்தாழ நான்கு. இந்தத் தொட்டிக்கு இப்போது கூடுதல் விலையும் இல்லை. குழாய் முனையில் திருகி, நீரோடு காற்றைக் கலந்துவிடும் ஏரேட்டர் நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். கை கழுவும் தொட்டியில் ஓடும் நீரைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். சொந்தக் கிணற்று நீர் உள்ளவருக்கு இவற்றால் ஆகும் பண மிச்சம் மோட்டார் ஓடும் மின்சாரம் மட்டுமே, அது பெரிய தொகையன்று. கிணறு வற்றும் ஆண்டில்தான் உண்மையான மிச்சம் தெரியும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோன 2019 கோடையில், லாரிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தும் வாரக்கணக்கில் காத்திருந்த தெருக்களை நாம் பார்த்தோம்.

குளியலறை நீரையும் கழிப்பறை நீரையும் தனித்தனிக் குழாயில் வெளியே கொண்டுவர வேண்டும் என்று சொன்னபோது பிளம்பர், "எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்குத்தானே சார் போகுது?" என்று கேட்டார். கூடுதல் குழாய்க்கும் கூலிக்கும் ஆனது எட்டாயிரம் ரூபாய். குளித்த நீர் இப்போது பின்பக்கம் மணலும் ஜல்லியும் நிரப்பிய பாத்தியில், கல்வாழைக்கும் வாழைக்கும் போய் நிலத்தில் இறங்குகிறது. பிறகு செய்வோம் என்று விட்டிருந்தால் குளியலறைத் தரையைப் பெயர்க்க வேண்டியிருக்கும், யாரும் பெயர்ப்பதில்லை.

மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆயினும் பல வீடுகளில் அது அனுமதிக்காகத் தோண்டி மூடிய ஒரு குழியாகவே இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடித் தளத்தில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள்களில் கொட்டிவிடுவது. எங்கள் ஆறாயிரம் லிட்டர்த் தொட்டி ஒரு நல்ல அடைமழை நாளிலேயே நிரம்பிவிடும். ஒருவருக்கு 135 லிட்டர் என்ற அளவில் நான்கு பேருக்கு அது பதினொரு நாளைக்குத்தான் வரும். மிஞ்சுவதை உறைக்கிணறு வழியாக நிலத்துக்குள் விடுகிறோம். அப்படி விட்ட நீர் நம் மனைக்குள்ளேயே நிற்காது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும். இதைச் செலவுக்கணக்கில் "மிச்சம்" என்று எழுத முடியாது. தெருவில் பாதிப்பேராவது செய்தால் எல்லோருடைய கிணற்றிலும் நீர்மட்டம் நிற்கும், அவ்வளவுதான்.

மின்சாரத்தில் எந்த யூனிட்டை மிச்சப்படுத்துகிறோம் என்பதே முக்கியம். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அடுத்த நூறு மலிவு. 400-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய்க்கு மேல், 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் பதினொரு ரூபாய்க்கு மேல். தவிரவும் 500-ஐத் தாண்டியவுடன் இரண்டாவது நூறுக்கான சலுகையும் போய்விடும். சாதாரண மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி என்னும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த விசிறி 30 வாட் என்று கொண்டால், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றுவதால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டை ஒட்டி மிச்சமாகும். ஒரு விசிறிக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடுதல். ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ திரும்பிவிடும். விருந்தினர் அறையில் எப்போதாவது சுழலும் விசிறிக்கு அது வீண்.

இனிச் சூரியத் தகடு. வீட்டுக் கூரைச் சூரியத் தகட்டுக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்யகர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் போக, எங்களுக்குச் சொல்லப்பட்ட நிகரச் செலவு ஒரு லட்சத்து இருபதாயிரம். அது நாளுக்குப் பன்னிரண்டு யூனிட்டை ஒட்டித் தரும். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் செலவழிக்கும் வீட்டில் கட்டணம் ஐயாயிரத்தை நெருங்கும் என்பதால், போட்ட பணம் நான்கைந்து ஆண்டில் வந்துவிடும். எங்கள் வீட்டிலோ ஏசி ஓடும் கோடையில் 450 யூனிட், மற்ற மாதங்களில் 300. ஆண்டுக் கட்டணமே ஆறாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வருகிறது. அதை முழுவதும் இல்லாமலாக்கினாலும் இருபது ஆண்டு ஆகும்; கடனில் வாங்கினால் தவணையில் பாதியைக்கூட ஈடுகட்டாது. தளத்தையும் சன்னலையும் விசிறியையும் சரியாக அமைத்த வீட்டில் சூரியத் தகட்டின் லாபம் சுருங்கிப்போவது முரணாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

சூரிய வெந்நீர்க் கலத்தையும் விட்டுவிட்டோம். கோவை, ஓசூர் போன்ற இடங்களில் அது நல்ல முதலீடு. எங்கள் பகுதியில் வெந்நீர் வேண்டியிருப்பது மார்கழி, தை மாதங்களில்தான். உப்புத் தண்ணீர் கண்ணாடிக் குழல்களில் படிந்து அடைத்தும்விடும். தகட்டுக்கு மட்டும் மீட்டர்ப் பலகையிலிருந்து மாடிவரை ஒரு வெற்றுக் குழாயைச் சுவருக்குள் பதித்து, நிழல் விழாத முந்நூறு சதுர அடியைத் தண்ணீர்த்தொட்டி வைக்காமல் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஆனது. பிள்ளைகள் வளர்ந்து இரண்டாவது ஏசி வந்து, கட்டண ரசீதில் 600 யூனிட்டுக்கு மேல் தெரியும் ஆண்டில் அந்தக் குழாய்க்குள் கம்பி இழுப்போம்.