கேஸ் ஷீட் கேட்டு வந்தவர்

ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் ரூமில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். டிஸ்சார்ஜ் முடிந்ததும் கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைப் பதிவுகள் அடங்கிய ஃபைல், வார்டிலிருந்து எங்களிடம் வரும். ஐ.பி. (உள்நோயாளி) நம்பர்படி அடுக்கி வைப்போம். இன்சூரன்ஸ்காரர்கள் தாராளமாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். நோயாளி வீட்டார் வருவது அபூர்வம். வந்தாலும் கைமாற்று கேட்பதுபோலத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஒருநாள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். அவருடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் நடந்து, மறுநாள் விடியற்காலையில் இறந்துவிட்டார். "அண்ணே, அம்மாவோட பேப்பர் எல்லாம் வேணும்" என்றார். அவர் கையில் இருந்தது டெத் சம்மரி, ஒரே ஒரு தாள். திடீர் மாரடைப்பு என்று அதில் முடித்திருந்தார்கள்.

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நர்ஸ் நோட்ஸில் இரவு 1.20-க்கு பி.பி. 80/50, ஆபத்தான அளவுக்குக் குறைவு. பக்கத்திலேயே, டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொன்னதாக ஒரு வரி. 2.10-க்கு மறுபடி அதே வரி. 2.45-க்கும் அதேதான். டாக்டரின் கையெழுத்து 3.50-க்குத்தான் வருகிறது. அந்த நர்ஸ் மூன்று முறையும் நேரம் போட்டு எழுதியிருந்தார். அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த கையெழுத்து நினைவிருக்கிறது.

நகல் கொடுக்கலாமா என்று மேலே கேட்டேன். "அடுத்த வாரம் வரச் சொல்லு, ஃபைலை இங்கே அனுப்பு" என்றார்கள். அப்படிப் போன ஒரு ஃபைல் தாள் குறைந்து திரும்பி வந்ததை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்று வாய் திறக்கவில்லை. இந்த முறை அப்படி இருக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பேனாவால் எண் போட்டேன். மொத்தம் 58. அதை ரிஜிஸ்டரிலும் ஏற்றினேன். அப்புறம் வெளியே போய் அவரிடம், "வாயால கேக்காதீங்க தம்பி. எழுதிக் கொடுங்க. ஒரு நகல்ல தேதியோட சீல் வாங்கிக்கோங்க. 72 மணி நேரத்துல கொடுத்தாகணும்" என்றேன்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே அது இருக்கிறது. ஆனால் உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வரைதான் வைத்திருக்கச் சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு வருடம் சட்டென்று ஓடிவிடும்.

பலர் நேராகப் போலீசுக்குப் போவார்கள். டாக்டர் மீது கிரிமினல் வழக்கு போட மிகக் கடுமையான அலட்சியம் தெரிய வேண்டும், இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்று 2005-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995 தீர்ப்பு. மருத்துவமனைக்கு ஐந்து லட்சம் வரை கட்டியவர்களுக்குப் புகார்க் கட்டணம்கூடக் கிடையாது.

இறப்பெல்லாம் அலட்சியம் ஆகாது. ராத்திரி பகலாகப் போராடியும் தோற்ற டாக்டர்களின் ஃபைல்கள் என் அலமாரியில் நிறைய இருந்தன. அவர்களைக் காப்பாற்றுவதும் அதே கேஸ் ஷீட்தான். ஆனால் அலட்சியம் நிரூபணமான வழக்குகளும் உண்டு. எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு அவசியமான கண் பரிசோதனையைச் செய்யவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போனது. 2015-ல்தான் சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தப் பெற்றோர் அத்தனை வருடமும் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எழுத்தில் கேட்ட பிறகு மேலே மறுப்பு வரவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு 58 பக்கமும் கிடைத்தன. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நர்ஸ் நோட்ஸ் வந்ததும் விரலை 1.20-ல் வைத்து மெல்லக் கீழே இறக்கினார். 3.50-ல் விரல் நின்றது.

"இவ்வளவு நேரமும் நான் வார்டு வாசல்லதான் அண்ணே உக்காந்திருந்தேன்" என்றார். "என்னை யாரும் கூப்பிடவே இல்லையே."