அப்பாயியின் முள்வாங்கியும் வெண்ணாற்றங்கரையும்

மூணாறு தலைப்பைத் தொட்டுவிட்டேன். தஞ்சாவூரை ஒட்டிய பள்ளியக்ரகாரம் பாலத்தடியில் கரையில் இறங்கி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற அந்தத் தலைப்பு ஷட்டர் வரைக்கும், ஆற்றை விட்டு விலகாமல் சைக்கிளும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். வளைவு நெளிவெல்லாம் சேர்த்து 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதில் தார்ச்சாலையில் ஓட்டியது, பாலம் ஏறிக் கரை மாறிய தூரம் மட்டும்தான். இதே வழியில் இரண்டு தடவை பாதியில் லோடு ஆட்டோ பிடித்துத் திரும்பியிருக்கிறேன். அதனால் இந்த மகிழ்ச்சியை உடனே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தடவை போனது புரட்டாசியில். ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கவே அவ்வளவு அழகு. அம்மாபேட்டை பக்கம் வருவதற்குள் பின் சக்கரம் நான்கு முறை இறங்கியது. இரண்டாவது தடவை பொங்கல் கழித்து. அப்போது மூன்று முறை, மூன்றும் முன் சக்கரம். கையிலிருந்த ஒட்டு தீர்ந்து, சொல்யூஷனைக் கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, அப்புறம் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

கரையில் ஓட்டினால் சீமைக்கருவேல முள் குத்தும். அது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே காலையில், ஒரே சக்கரத்தில், நான்கு தடவையா? இரண்டாவது பயணம் முடிந்து வந்த இரவு, பின் ட்யூப், முன் ட்யூப் இரண்டையும் தரையில் விரித்து, வால்விலிருந்து ஒவ்வொரு ஒட்டும் எவ்வளவு தூரம் என்று அளந்தேன். பின் ட்யூபில் நான்கு ஒட்டும் ஒரே சாண் நீளத்துக்குள் இருந்தன. முன் ட்யூபிலும் அதே கதை. அப்படியானால் நான்கு முள் குத்தவில்லை. ஒரே முள்தான் நான்கு தடவை குத்தியிருக்கிறது.

யோசித்தால் புரிகிறது. காய்ந்த முள் டயருக்குள் ஏறியதும் வெளியே தெரிகிற அடியைப் பிடித்து இழுப்போம். அது பாதியில் முறியும். நுனி டயரின் நூல் அடுக்குக்குள்ளேயே தங்கிவிடும். டயரைக் கழற்றி உள்ளே விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. காற்றில்லாத டயரில் அந்த நுனி அமுங்கிக் கிடக்கிறது. ட்யூபை மாட்டி, காற்றடித்து, நம் எடை ஏறிச் சக்கரம் உருளும்போது ரப்பர் நசுங்கி நுனி ஒரு நூலளவு எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தாங்கும். அப்புறம் மெல்ல மெல்ல இறங்கும். நானோ ஒவ்வொரு தடவையும் டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி ட்யூபை உருவி ஒட்டியிருக்கிறேன். டயர் ரிம்மில் இருந்த இடத்திலேயே இருந்தது, வால்வு பழைய ஓட்டையிலேயே இருந்தது. ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் குத்தாமல் வேறென்ன செய்யும்?

எங்கள் தெரு முனை சைக்கிள் கடை பாயிடம் இரண்டு ட்யூபையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஒட்டுகளை ஒரு பார்வை பார்த்தவர், "டயருக்குள்ள பஞ்சை விட்டுப் பாத்தீங்களா தம்பி?" என்றார். கொட்டைப்பாக்கு அளவு பஞ்சை எடுத்து, உருட்டாமல் பிரித்துவிட்டு, டயரின் உள்பக்கம் ஒரு சுற்று இழுத்தார். ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. ஓர் இடத்தில் ஒரே ஒரு இழை மாட்டிக்கொண்டு நின்றது. அங்கே கட்டைவிரலை வெளியே கொடுத்து டயரைப் பின்னுக்கு வளைத்தார். எறும்பின் தலை அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. நான் பத்துத் தடவை தடவிப் பார்த்த இடம் அது!

கண்டுபிடிப்பது பாதி வேலை. எடுப்பதுதான் மீதி வேலை, எனக்கு அதிக நேரம் தின்றதும் அதுதான். மருந்துக்கடையில் வாங்கிய இடுக்கி வழுக்கியது. புருவம் திருத்துகிற இடுக்கியின் வாய் வளைந்தது. குறடு பெரிது, நுனியைப் பிடிக்காமல் ரப்பரைக் கடித்தது. ஊசியால் நெம்பினால் நுனி இன்னும் ஆழமாகப் போனது. அப்போதுதான் அப்பாயியின் முள்வாங்கி ஞாபகம் வந்தது. பீரோவின் அடித்தட்டில் தையல் டப்பாவுக்குள் கிடந்தது. ஒரு வளையத்தில் மூன்று உருப்படி: ஒரு முள்வாங்கி, ஒரு ஊசி, ஒரு காது குறும்பி தோண்டி. நடவு வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து அப்பாயி குதிகாலில் முள் எடுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

இரும்புத் தகட்டை இரண்டாக மடித்துக் கொல்லர் அடித்த பொருள். வாய் இரண்டும் அகலமாக, நுனியில் மெல்லியதாக, ஒன்றோடொன்று தலைமுடி நுழையாத அளவுக்குச் சேர்கிறது. இந்தக் காலத்து இடுக்கியில் இல்லாதது இந்தச் சேர்க்கைதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாய்க்கு நடுவே கோடு தெரியக் கூடாது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். முறை இதுதான்: டயரை அந்த இடத்தில் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி நன்றாகப் புரட்டி வளைக்க வேண்டும். ஊசியைப் புள்ளியின் மேல் குத்தக் கூடாது. பக்கத்தில் ஒரு நூல் தள்ளிக் குத்தி, ரப்பரை விலக்க வேண்டும். புள்ளி தலை தூக்கும். அப்போது முள்வாங்கியைப் படுக்கையாக வைத்துப் பிடித்து, முள் எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் மறுபடியும் முறியும். வீட்டில் உட்கார்ந்து இரண்டு பழைய டயரிலிருந்து மொத்தம் பதினொரு நுனி எடுத்தேன். வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

கூடவே ஒரு சின்ன ஒழுங்கு. டயரில் கம்பெனிப் பெயர் அச்சடித்த இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று தெரிந்தால், டயரில் முள் எங்கே என்பதும் தெரிந்துவிடும். முழுச் சுற்றும் தேட வேண்டியதில்லை.

அப்புறம் சீலண்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற திரவம் பற்றி. இணையத்தில் வாங்கிய ஒன்றை ட்யூபுக்குள் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். நம் ஊர் வெயிலில் மூன்றே மாதத்தில் உள்ளே காய்ந்து ரப்பர் உருண்டையாகத் திரண்டுவிட்டது. காசைத் திருப்பிக் கேட்டதற்கு விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே வைக்கிற பட்டையான டயர் லைனரும் போட்டேன். முள்ளைத் தடுத்தது, ஆனால் அதன் விளிம்பே ட்யூபை உரசி வேறோர் ஓட்டை போட்டது. இப்போது நான் இரண்டையும் விட்டுவிட்டேன். 26க்கு 1.95 டயர், காற்று 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், பையில் பஞ்சு, முள்வாங்கி, ஒட்டு, உப்புத்தாள். போதும்.

இனி வழிக்கு வருகிறேன். மாசி முதல் வாரம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பதால் மாசியில் ஆறு பெரும்பாலும் மணல், அங்கங்கே மடு. சம்பா அறுப்பு முடிந்து அறுத்த தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் முளைத்து நிற்கிற நேரம். கரை காய்ந்து கெட்டியாக இருக்கும், களி ஒட்டாது. ஆனால் முள்ளுக்கும் இதுதான் காலம். கரையில் கருவேலத்தை வெட்டி விறகுக்கு இழுத்துப் போவார்கள், மிளாறெல்லாம் தடத்திலேயே காய்ந்து கிடக்கும்.

எந்தக் கரையில் போவது என்பது பெரிய கேள்வி. செயற்கைக்கோள் படத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் தடம், பச்சையாக மூடியிருந்தால் முள் என்று கணக்குப் போட்டுத்தான் முதல் இரண்டு தடவையும் போனேன். அந்தக் கணக்கு சரிவராது. படம் எடுத்த மாதத்தில் பச்சையாக இருந்தது நாணலா, நெய்வேலிக் காட்டாமணக்கா, கருவேலமா என்று மேலேயிருந்து தெரிவதில்லை. இந்தத் தடவை பாலத்தடி ஷட்டர் பக்கம் நின்றிருந்த லஸ்கரிடம், அதாவது ஆற்றையும் ஷட்டரையும் கவனிக்கிற அரசு ஊழியரிடம் கேட்டேன். "வடகரையில எதுவரைக்கும் போகலாம்ணே?" என்றதற்கு அவர் திருப்பிக் கேட்டது: "ஜீப் எந்தக் கரையில வருதுன்னு பாத்தீங்களா?" வெள்ளக் காலத்தில் உடைப்பு எடுக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள். 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து (பி.டபிள்யூ.டி.) நீர்வளத் துறை தனியாகப் பிரிந்துவிட்டது, ஆனால் கரையோர ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் பி.டபிள்யூ.டி. ஜீப்தான். அந்த ஜீப் வருகிற கரையைத்தான் செதுக்கி வைத்திருப்பார்கள். எந்தப் பாலத்தோடு ஜீப் கரை மாறுகிறது என்று அவர் விரல் விட்டுச் சொன்னதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். மூன்று இடத்தில் மாற வேண்டும் என்றார். மூன்றும் அச்சு மாறாமல் சரியாக இருந்தன. திரும்பி வந்ததும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் அந்தத் தடத்தை ஏற்றிவிட்டேன்.

ஒரே ஓர் இடத்தில் ஜீப் தடமும் இல்லை. இரண்டு கரையும் நாணலால் மூடிக் கிடந்தன. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி மணலில் நடந்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. மாசி மாதக் காலை மணல் குளிர்ந்து இருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டேன். ஒரு மடுவில் நத்தைகுத்தி நாரைகள் முப்பதுக்கு மேல் நின்றன. அலகு இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் போக முடிந்தது. சைக்கிளில் கரைமேல் போயிருந்தால் சத்தத்துக்கே பறந்திருக்கும். நடக்க வேண்டிய இடத்தில் நடப்பதை நஷ்டம் என்று இனி நினைக்கமாட்டேன்.

கோயில்வெண்ணி நெருங்கும்போது முன் சக்கரம் இறங்கியது. நிஜமாகச் சொல்கிறேன், அது இறங்கியதில் எனக்குச் சந்தோஷம். பூவரசு நிழலில் சைக்கிளைக் கவிழ்த்தேன். மடுத் தண்ணீரில் ட்யூபை அமுக்கினால் வால்விலிருந்து இரண்டரைச் சாணில் காற்றுக்குமிழ் வந்தது. டயரில் அதே இரண்டரைச் சாண். பஞ்சு முதல் சுற்றிலேயே மாட்டியது. ஊசி, முள்வாங்கி, சாய்வாக ஓர் இழுப்பு. அரை இஞ்ச் நீளத்துக்கு முழு நுனியும் வந்தது. அறுத்த வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கரையேறி வந்து பார்த்தார். வாத்துகளெல்லாம் கீழே சலசலவென்று அவருக்காக நின்றன. என் கையிலிருந்து முள்வாங்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், வாயைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது நல்ல கொல்லன் அடிச்சது தம்பி. தொலைச்சிராதீங்க" என்று கொடுத்தார். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அதன்பின் வீடு வரும்வரை அந்தச் சக்கரம் இறங்கவில்லை.

வெண்ணி என்றால் கரிகாலன். அவன் வென்ற வெண்ணிப் போர் நடந்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் என்பார்கள். தோற்ற சேரன் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்ட நாணத்தில் வடக்கிருந்து உயிர் விட்டான். கல்லணையும் கரிகாலன் பெயரில்தான் இருக்கிறது, வெண்ணாற்றுக்குத் தண்ணீர் வருவதும் அங்கேயிருந்துதான். ஆற்றின் தலைப்பிலும் அவன், வழியிலும் அவன். கரும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர் பெயரைச் சொல்லி ரவையும் சர்க்கரையும் எறும்புக்குப் போட்டேன்.

மூணாறு தலைப்பு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, போய்ப் பாருங்கள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றுக்கும் இங்கே வழி பிரிகிறது. ஷட்டர்மேல் நின்று மூன்று பக்கமும் பார்த்துக்கொண்டே கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டேன். திரும்பும்போது நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு டீயும் ஆயிற்று.

அடுத்து பாமணியாற்றைப் பிடித்து மன்னார்குடி வரை போகலாமா, கோரையாற்றைப் பிடித்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை போகலாமா என்று மனம் இழுக்கிறது. கோரையாறு என்றால் இரண்டு நாள் வேண்டும். கடல் பக்கம் போகப் போக உப்பளத்து மண், அதில் டயர் எப்படி நிற்கும் என்று ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை இறக்க வேண்டும். கொடியக்கரையில் வெளிமான் பார்க்க நடக்கிற திட்டத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். கூட வர நண்பர் இருவர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் முள்வாங்கி வேண்டும். தஞ்சாவூர்க் கடைகளில் கேட்டேன், நகவெட்டிதான் எடுத்துக் காட்டினார்கள். அரிவாள் அடிக்கிற பட்டறையில் அப்பாயியின் முள்வாங்கியை மாதிரிக்குக் கொடுத்து இரண்டு செய்யச் சொன்னேன். முதலில் அடித்ததில் வாய் சேரவில்லை, வெளிச்சம் தெரிந்தது. திருப்பிக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் மேற்கே ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. வெட்டாறு பிரிகிற தென்பெரம்பூர் தலைப்பிலிருந்து பள்ளியக்ரகாரம் வரை. அதை முடிக்காமல் வெண்ணாற்றங்கரையில் ஓட்டினேன் என்று முழுசாகச் சொல்ல முடியாது. பின் டயரில் இன்னும் ஓர் இடத்தில் பஞ்சு மாட்டுகிறது, புள்ளி மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்று ராத்திரி அதை எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிடுவேன்.