பின்லாந்தும் சீனாவும்: காகித வணிகப் புராஜெக்டில் நான் சொதப்பிய இடங்கள்

எம்.ஏ. பொருளாதாரம் கடைசி செமஸ்டரில் நான் எடுத்த தலைப்பு, பின்லாந்து, சீனா இரண்டின் காகிதம், அட்டை வணிகம், 2000 முதல் 2022 வரை. வறட்சியான தலைப்புதான். ஆனால் ஒன்று காட்டை நம்பிக் காகிதம் விற்கும் சின்ன நாடு, இன்னொன்று உலகிலேயே அதிகம் காகிதம் செய்யும் நாடு. எழுத விஷயம் இருந்தது.

தரவு கிடைப்பதில் சிரமமில்லை. நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதியை டாலரில் தரும் ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தில், சரக்குகளை எண் போட்டு வகை பிரிக்கும் எச்.எஸ். குறியீட்டின் 48ஆம் அத்தியாயத்தை (காகிதமும் அட்டையும்) இறக்கிக்கொள்ளலாம். நான் சறுக்கியது அதற்கு அப்புறம். எக்ஸெல்லில் 48 என்று ஒரு வரி, அதன் கீழே 4801 (செய்தித்தாள் காகிதம்), 4802 என்று உட்பிரிவுகள். மொத்தத்தையும் கூட்டிவிட்டேன். எல்லா ஆண்டும் இரண்டு மடங்கு! இரண்டு நாட்டுக்கும் ஒரே மாதிரி இரட்டித்ததால் கோட்டின் வடிவம் மாறவில்லை; மூன்று வாரம் கண்ணிலேயே படவில்லை.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டியது வேறு இடம். "2015ல் பின்லாந்தின் ஏற்றுமதி ஏன் இறங்குகிறது?" என்றார் தேர்வாளர். மக்கள் திரையில் படிக்கப் பழகிவிட்டார்கள், அச்சுக் காகிதம் வேண்டாமாகிவிட்டது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். "யூரோ என்ன விலை?" என்று கேட்டார். முழித்தேன். 2014ல் ஒரு யூரோவின் சராசரி மதிப்பு சுமார் 1.33 டாலர், 2015ல் 1.11. யூரோவில் அதே தொகைக்கு விற்றிருந்தாலும் டாலர் கணக்கில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். என் காரணம் பொய்யில்லை, நீண்ட காலத்துக்கு அது சரிதான். அந்த ஒரு ஆண்டின் சரிவை அதன் தலையில் கட்டியதுதான் தப்பு.

ஆகவே டாலரோடு எடையையும் வரையுங்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் ஃபாஸ்டாட் தளத்தில் 1961 முதல் டன் கணக்கு இருக்கிறது. 2022க்கு இது இல்லாமல் முடியாது: ஐரோப்பாவில் எரிசக்தி விலையோடு காகித விலையும் ஏறியது, பின்லாந்தில் யூ.பி.எம். என்ற காகித நிறுவனத்தின் ஆலைகளில் ஜனவரி 1 தொடங்கிய வேலைநிறுத்தம் ஏப்ரல் 22 வரை நீண்டது. டாலர் கோட்டை மட்டும் வைத்து அந்த ஆண்டைப் பற்றி எதுவும் எழுதிவிடாதீர்கள்.

சீனாவின் கதையோ 48க்குள் அடங்காது. அதன் அட்டை ஆலைகள் பல காலம் வெளிநாட்டுக் கழிவுக் காகிதத்தை நம்பி ஓடின. அது வருவது 4707ல், அதாவது கூழுக்கும் கழிவுக் காகிதத்துக்குமான 47ஆம் அத்தியாயத்தில். 2017ல் உலக வர்த்தக அமைப்புக்குத் தெரிவித்துவிட்டு, 2018ல் தரம் பிரிக்காத கழிவுக் காகிதத்தைச் சீனா நிறுத்தியது. 2021 முதல் கழிவு இறக்குமதியே கிடையாது. ஆலைகள் சும்மா இருக்குமா? கழிவு வந்த இடத்தில் மறுசுழற்சிக் கூழும் (470620) தயார் அட்டையும் வர ஆரம்பித்தன. 48ஐ மட்டும் பார்த்தால் சீனா திடீரென அட்டைப் பசி எடுத்து வாங்குவது போலத் தெரியும். நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

பின்லாந்து சீனாவுக்கு விற்றதும், சீனா பின்லாந்திடம் வாங்கியதும் ஒத்துப்போகாது, பயப்பட வேண்டாம். ஏற்றுமதி எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை; இறக்குமதி சி.ஐ.எஃப்., அதில் கப்பல் வாடகையும் காப்பீடும் சேரும். ஹாங்காங் கணக்கும் தனி, சீனாவின் எண்ணில் சேராது.

கடைசியாக, இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போடுங்கள். நாடுகள் பழைய எண்களைத் திருத்திக்கொண்டே இருக்கும். என் பிப்ரவரிக் கோப்பும் ஏப்ரல் கோப்பும் ஒத்துப்போகாமல், அட்டவணையில் ஒரு எண்ணும் படத்தில் வேறு எண்ணுமாக இருந்ததைப் பைண்டிங்குக்கு முந்தின இரவுதான் பார்த்தேன்.