சுப்பீரியர் வடகரைப் பயணம்: ஆயத்த நாட்குறிப்பு

மார்ச் 8

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து 17ஆம் நெடுஞ்சாலையில், சுப்பீரியர் ஏரியின் கரையோரமாக மோட்டார் சைக்கிளில் சென்று, ஒயிட் லேக் மாகாணப் பூங்காவில் கூடாரமிட்டு மீன் பிடிப்பதென்று மைத்துனரும் நானும் முடிவு செய்துவிட்டோம். எந்த மாதம் என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபாடு. நாங்கள் தேடிப் போகும் வாலாய் மீனுக்கான பருவம் மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை திறக்கிறது. ஆனால் அப்போது வடக்கு ஏரிகளில் பனிக்கட்டி உருகிச் சில நாட்களே ஆகியிருக்கும். கோடை முற்றினால் மேல்நீர் சூடேறி, மீன்கள் ஆழத்தை நாடிவிடும். படகில்லாமல் கரையிலிருந்து தூண்டில் வீசுகிறவர்களுக்கு அது உகந்த காலமன்று. மைத்துனர், கடிக்கும் கறுப்பு ஈக்களின் தொல்லை இராது என்பதால், செப்டம்பரை விரும்பினார். முட்டையிட்டு முடித்த வாலாய்கள் பசியோடு பாறை முனைகளிலும் ஆழமற்ற நீரிலும் இரை தேடும் ஜூன் மாதத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஈக்களுக்கு வலைத்தொப்பி உண்டு. ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கு மாற்று எதுவும் இல்லை.

மார்ச் 22

இன்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, தூரத்தை விட நேரத்தைப் பற்றியே அதிகம் பேசினோம். நாங்கள் புறப்படும் சூ செயின்ட் மேரி நகரிலிருந்து வாவா என்னும் ஊர் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். அங்கிருந்து ஒயிட் ரிவர் என்னும் ஊர் வழியாக ஒயிட் லேக் இன்னும் 130 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஒரே நாளில் ஓட்டக்கூடிய தூரம்தான். வாவாவுக்கும் சூ செயின்ட் மேரிக்கும் இடையிலான இந்தச் சாலை 1960இல்தான் முழுமையடைந்தது; இன்றும் பெரும்பகுதி காடும் பாறையும் ஏரியுமாகவே கிடக்கிறது.

இத்திட்டத்தின் முக்கியமான சிக்கல் அந்திப்பொழுது. வாலாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கிய வெளிச்சத்தில் அது தன் இரையை விட நன்றாகப் பார்க்கிறது. ஆகவே அதைப் பிடிக்க மிகச் சிறந்த நேரம் சூரியன் சாயும் வேளையே. அதே வேளையில்தான் மூஸ் மான்களும் சாலைக்கு வருகின்றன. குளிர்காலத்தில் தூவிய உப்பு ஓரத்துப் பள்ளங்களில் தேங்கியிருப்பதும் அவற்றை ஈர்க்கிறது. கருத்த உடலும் நெடிய கால்களும் கொண்ட அந்த விலங்கு முகப்பு விளக்கின் ஒளியில் எளிதில் தென்படுவதில்லை. வளர்ந்த ஆண் மூஸ் 450 கிலோவுக்கு மேலும் இருக்கும் என்னும்போது, மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மோதல் என்ன பொருள்படும் என்று விளக்க வேண்டியதில்லை.

எனவே ஒரு விதியை எழுதிக் கையொப்பமே இட்டுவிட்டோம்: மாலை ஐந்து மணிக்குப் பிறகு வண்டியின் சாவியை எவரும் தொடக்கூடாது. மீன் பிடிக்கும் இடம் கூடாரத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். ஒயிட் லேக்கை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதற்காரணம். ஜூன் நடுவில் அங்கே சூரியன் ஒன்பதரை மணிக்குப் பிறகே மறைகிறது என்பதால், சமைத்து உண்டு ஓய்வெடுத்த பின்பும் தூண்டிலுக்கு நேரம் தாராளமாக மிஞ்சும்.

ஏப்ரல் 12

மீன்பிடி அனுமதியைப் பற்றி முடிவெடுத்தோம். ஒன்ராறியோவில் இரு வகை அனுமதிகள் உள்ளன. வடக்கின் பல மீன்பிடி வலயங்களில் விளையாட்டு அனுமதிக்கு 4 வாலாய் வைத்துக்கொள்ளலாம், மீன்வளப் பாதுகாப்பு அனுமதிக்கு 2. இரண்டாவதையே எடுக்கிறோம். பனிக்கட்டிப் பெட்டி சுமக்க முடியாத வண்டியில் மீனைத் திரும்பக் கொண்டுவருவது வீண் முயற்சி. அன்று பிடித்ததை அன்றே சமைக்க இரண்டு போதும், மற்றவை நீருக்குத் திரும்பட்டும். முள்தாடியை, அதாவது முனையருகே பின்னோக்கி நீளும் சிறு கொக்கியை, நசுக்கிய தூண்டில் முள்ளையே பயன்படுத்தலாம் என்ற மைத்துனரின் யோசனையை உடனே ஏற்றுக்கொண்டேன், ஏனெனில் விடுவிக்கும் மீனுக்கு அதனால் காயம் குறைகிறது.

உயிர் இரை வேண்டாம். மாகாணம் நான்கு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரைமீன்களையும் அட்டைகளையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வதற்குத் தடை உண்டு. நோயும் அந்நிய உயிரினங்களும் ஏரிகளுக்குள் பரவாமலிருக்க இது மிகவும் தேவையான கட்டுப்பாடு. ஐந்து, ஏழு கிராம் எடையுள்ள ஜிக்குகளும் (தலையில் எடை பொருத்திய தூண்டில் முட்கள்) மென்மையான பிளாஸ்டிக் புழுக்களும் எங்களுக்குப் போதும்.

மே 10

மூட்டை கட்டிப் பார்த்தோம். நான்கு துண்டாகப் பிரியும் தூண்டில் கோல் பக்கப் பெட்டிக்குள் சாய்வாக அடங்குகிறது. நீளமான குழாயைப் பின்னால் கட்டித் தொங்கவிடுவோரைப் பார்த்திருக்கிறேன். காற்றில் அது வண்டியின் நிதானத்தைக் குலைக்கும். அடுப்பு, கருவிகள், எரிவாயுக் குடுவை ஆகிய கனமான பொருள்கள் பெட்டிகளின் அடியில், இயன்றவரை முன்பக்கமாக. உறக்கப்பையும் கூடாரமும் மேலே. பின்தட்டில் ஏற்றக்கூடிய எடைக்கு உற்பத்தியாளர் குறிப்பிடும் வரம்பு பெரும்பாலும் சில கிலோக்கள்தான்.

உடை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். சுப்பீரியரின் நீர் ஜூனிலும் கடுங்குளிராகவே இருக்கும். உள்நாட்டில் இதமான வெயில் அடிக்கும்போதே கரையோரத்தில் மூடுபனி இறங்கி உடலை விறைக்க வைக்கும். மழைக்கோட்டையும் கம்பளி உள்ளாடையையும் எளிதில் எடுக்கும்படி மேலே வைத்திருக்கிறோம்.

மே 31

பூங்கா இடம் பதிவாகிவிட்டது. கரடிகள் உலவும் பகுதி என்பதால், உணவைக் கூடாரத்திற்குள் வைக்காமல், மீனையும் முகாமிலிருந்து விலகியே சுத்தம் செய்ய வேண்டும்.

ஜூன் 7

முழுச் சுமையோடு இன்று ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிப் பார்த்தோம். பின்சக்கரத்தின் காற்றழுத்தத்தைச் சுமைக்குரிய அளவுக்கு உயர்த்தி, பின் ஸ்பிரிங்கை இறுக்கிய பிறகே வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்டது. சுமையால் பின்பக்கம் தாழ்ந்து முகப்பு விளக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருந்ததையும் சரிசெய்தோம். எரிபொருள் பாதியாகக் குறைந்ததும் நிரப்பிவிடுவது என்றும் தீர்மானித்தோம்; அச்சாலையில் ஊர்களுக்கு இடையே நெடுந்தூரம் எதுவும் இல்லை. கைப்பேசித் தொடர்பும் இடையிடையே அறுந்துபோகும் என்பதால், தங்குமிடம், செல்லும் வழி, மாலைக்குள் செய்தி வராவிட்டால் எவரை அழைப்பது ஆகியவற்றை எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை சூ செயின்ட் மேரியில் தங்கி, மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறோம்.