அமெரிக்கச் சுங்கவரிக் கேள்வி: பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை

தேர்வு முடிவு வந்து மனது இப்போதுதான் லேசானது. அதே சூட்டோடு, அமெரிக்க வரலாறு தாளில் பலரும் கோட்டைவிடும் ஒரே பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: 1789 முதல் 1833 வரை நடந்த சுங்கவரிச் சண்டை. தாளின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தத் தலைவரின் நிலைப்பாட்டையும் ஆண்டு போடாமல் எழுதாதீர்கள். இந்தப் பகுதிக்கு இதைவிடப் பெரிய உத்தி கிடையாது. "கால்ஹூன் பாதுகாப்பு வரியை (உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிக்குப் போடும் வரி) எதிர்த்தார்" என்பது பாதிதான் சரி, அவர் தென் கரோலினா அரசியல்வாதி. 1816 ஏப்ரலில் அவர் பிரதிநிதிகள் சபையில் அதை ஆதரித்துப் பேசியவர். 1828 டிசம்பரில் தென் கரோலினாவுக்காகப் பெயர் போடாமல் எதிர்ப்பு ஆவணம் எழுதியவரும் அவரே, அப்போது அவர் துணைக் குடியரசுத் தலைவர். மாசசூசெட்ஸின் வெப்ஸ்டர் இதற்கு நேர் தலைகீழ்: 1824இல் எதிர்ப்பு, 1828இல் ஆதரவு. காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அவர் ஊரான பாஸ்டன் முதலாளிகளின் பணம் கப்பலிலிருந்து நெசவாலைக்கு இடம் மாறியது, அவர் வாக்கும் மாறியது. கென்டக்கியின் கிளே கடைசிவரை பாதுகாப்பு வரியின் பக்கம்தான், ஆனாலும் 1833 வரிக்குறைப்பைக் கொண்டுவந்தவர் அவர். மூன்று பேருக்கும் மூன்று வாக்கியம் போதும், விடையின் முதுகெலும்பு நின்றுவிடும்.

1789இன் முதல் சுங்கவரிச் சட்டத்தைச் சுருக்கமாக முடியுங்கள். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மேடிசன் கேட்டது அரசுக்கு உடனடி வருவாய். பென்சில்வேனியாவின் ஃபிட்ஸ்சைமன்ஸ் உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் பொருட்பட்டியலைச் சேர்க்கச் சொன்னார். வருவாயா, பாதுகாப்பா என்ற கேள்வி முதல் விவாதத்திலேயே எழுந்துவிட்டது என்று காட்டினால் போதும். பட்டியலில் சேராத பொருளுக்கு வரி 5 சதவீதம். கப்பல் வரி தனிச் சட்டம்: அமெரிக்கக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், அந்நியக் கப்பலுக்கு 50 சென்ட்.

முதல் நிதியமைச்சர் ஹாமில்டனில் பொறி இருக்கிறது. உற்பத்தித் தொழில் பற்றிய அவரது 1791 டிசம்பர் அறிக்கையைப் படிக்காமலே அவரை உயர்வரிக்காரர் என்று எழுதிவிடுகிறோம். அவர் பெரிதும் விரும்பியது தொழில்களுக்கு அரசு நேரடியாகத் தரும் ஊக்கத்தொகை, வரி மிதமாக இருந்தால் போதும் என்பதே அவர் கணக்கு. வரி மிக உயர்ந்தால் இறக்குமதி சுருங்கும், இறக்குமதி சுருங்கினால் தேசியக் கடனைக் கட்டும் சுங்க வருமானமும் சுருங்கும். இந்த முரணைச் சொல்கிற விடை தனித்துத் தெரியும்.

அடுத்து 1816 வரிச் சட்டம். இறக்குமதிப் பருத்தித் துணிக்கு 25 சதவீதம் என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண் போய்விடும். "குறைந்தபட்ச மதிப்பு" விதியைக் கணக்கோடு போடுங்கள். கெஜம் 25 சென்டுக்குக் குறைவான துணி எதுவானாலும் அதன் விலை 25 சென்ட் என்றே சுங்கச்சாவடி எடுத்துக்கொள்ளும்.

25 சென்ட் துணி: வரி 6¼ சென்ட், அதாவது 25%
10 சென்ட் துணி: அதே 6¼ சென்ட், அதாவது 62½%
6 சென்ட் துணி: அதே 6¼ சென்ட், 100 சதவீதத்துக்கும் மேல்

அடி விழுந்தது மலிவான முரட்டுத் துணிக்கு. அதில் முதலில் மாட்டியது இந்தியாவிலிருந்து போன பருத்தித் துணி. இந்த விதிக்காக வாஷிங்டன் போய் ஆள்பிடித்தவர் ஆலை முதலாளி லோவெல். இந்த மூன்று வரிக் கணக்கைத் தேர்வறையில் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

எதிர்த்தவர்கள் "அருவருப்பான சுங்கவரி" என்று பெயரிட்ட 1828 சட்டத்தில் கணக்கைவிடச் சூழ்ச்சிதான் முக்கியம். மூலக் கம்பளி, சணல், இரும்பு, வெல்லப்பாகு எல்லாவற்றிலும் வரியை ஏற்றி (பாகுக்கு மட்டும் கேலனுக்கு 5 சென்டிலிருந்து 10), வடகிழக்கு ஆலைப் பகுதியான நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கே கசப்பான மசோதாவாக ஜாக்சனின் ஆதரவாளர்கள் ஆக்கினார்கள். தெற்கு உறுப்பினர்கள் அதைச் சரிசெய்ய விடவில்லை, தோற்றுவிடும் என்ற நம்பிக்கை. செனட் கம்பளித் துணி வரியைத் திருத்தியது, மசோதா 26க்கு 21 என்று நிறைவேறியது. "வடக்கு ஒன்றுசேர்ந்து தெற்கின் மேல் திணித்தது" என்று எழுதினால் இந்தக் கதை முழுக்க விட்டுப்போகும்.

தெற்கின் வாதம் எழுதும்போது எல்லாரும் சறுக்குகிற இடம்: அரசியலமைப்பு ஏற்றுமதி வரியைத் தடைசெய்கிறது. பருத்திக்கு நேரடியாக வரியே இல்லை, பின் ஏன் கூச்சல்? தென் கரோலினாவின் மெக்டஃபி சொன்ன பதில், இறக்குமதிக்கு 40 சதவீத வரி என்றால் நூறு பொதி பருத்தியில் நாற்பதை அரசு எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்பது. பொருளாதாரமாகப் பார்த்தால் மிகைதான். அவர்கள் நம்பியது அதுதான், அதனால் எழுதியே ஆகவேண்டும்.

தேதிகளில் கலங்காமல் இருக்க:

1832 ஜூலை: புதிய வரிச் சட்டம், குடியரசுத் தலைவர் ஜாக்சன் கையொப்பம்
1832 நவம்பர் 24: 1828, 1832 சட்டங்கள் செல்லாது என்று தென் கரோலினா அறிவிப்பு
டிசம்பர் 10: அந்த அறிவிப்பை மறுத்து ஜாக்சனின் பிரகடனம்
டிசம்பர் 28: துணைக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து கால்ஹூன் விலகல்
1833 மார்ச் 2: சமரச வரி (கிளேயின் வரிக்குறைப்பு), படைபலச் சட்டம் (வரி வசூலிக்கப் படையைப் பயன்படுத்தும் அதிகாரம்), இரண்டும் ஒரே நாளில்

சமரச வரியில் 20 சதவீதத்துக்கு மேலிருந்த பகுதியை இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு வீதம் குறைத்தார்கள். மீதி மொத்தமும் 1842இல் இரண்டே தவணையில் போனது. குறைப்பின் பெரும்பகுதி கடைசியில்தான் வந்தது, ஆலைகளுக்கு அவகாசம் கிடைத்தது. இதை விளக்காமல் "சமரசம் ஏற்பட்டது" என்று முடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 1830இல் செனட்டில் வெப்ஸ்டருக்கும் தென் கரோலினாவின் ஹெய்னுக்கும் நடந்த விவாதம் மேற்கு நில விற்பனைத் தீர்மானத்தில் தொடங்கியது. அதைச் சுங்கவரி விவாதம் என்று தலைப்பிடாமல், மாநில உரிமைப் பத்தியில் இரண்டு வரி கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.